சியாமீஸ் சுண்டெலியின் கருமை: வம்சமா, ஊட்டிக் குளிரா?

காரமடைக்காரன்:
ஊட்டிப் பக்கம் வளர்ப்பவர் ஒருவரிடம் சியாமீஸ் சுண்டெலி ஜோடி வாங்கினேன். வரும்போது மூக்கு, காது, பாதம், வால் எல்லாம் கரி நிறம். உடல் மணல் நிறம். இங்கே சமவெளியில், காரமடையில், கோடையில் முடி உதிர்ந்து புதிதாக முளைத்ததும் மூக்கில் மங்கிய பழுப்புதான் மிச்சம். குட்டிகளும் அப்படியே. 'தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வம்சம்' என்று சொல்லி இரட்டிப்பு விலை வாங்குவது நியாயமா? அவர் காசாக்கியது மலைக் குளிரைத்தான்.

தலைக்குந்தா:
இந்த நிறத்துக்காகவே பல ஆண்டுகளாக வளர்க்கிறவன் நான். இப்படி எழுதுவது மனதைப் புண்படுத்துகிறது. குளிர்தான் எல்லாம் செய்கிறது என்றால் என் கூண்டில் எல்லாமே ஒரே கருமையாக இருக்க வேண்டுமே! ஒரே அறை, ஒரே தீவனம், ஒரே ஈற்று. ஒன்றுக்குக் கருமை மூக்கோடு நிற்கிறது; இன்னொன்றுக்குக் கண்வரை படர்கிறது. கண்காட்சிக்கு வேண்டியது வெறும் கருமை இல்லை. அது உடல் நிறத்தோடு மெல்ல மெல்லக் கலக்க வேண்டும், கோடு கிழித்தாற்போல் நிற்கக் கூடாது. பிரிட்டனில் 1895இல் தேசியச் சுண்டெலிச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ப்பவர்கள் கண்காட்சி எலிகளை இப்படித்தான் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துவருகிறார்கள். அந்த உழைப்பைக் குளிரின் கணக்கில் எழுதாதீர்கள்.

கோத்தகிரி மலர்:
தலைக்குந்தா அண்ணா, உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த நிறத்தின் சூட்சுமமே வெப்பம்தான். முடிக்கு நிறமூட்டும் டைரோசினேஸ் நொதி சியாமீஸில் சற்றுப் பழுதானது. உடற்சூட்டில் அது வேலை செய்யாது; குளிர்ந்த இடத்தில் செய்யும். அதனால்தான் காதும் வாலும் கறுக்கின்றன, வயிறு வெளுத்திருக்கிறது. இதே போல் ஓரங்கள் மட்டும் கறுக்கும் ஹிமாலயன் முயலின் முதுகை மழித்துப் பனிக்கட்டி வைத்துக் கட்டினால், அந்த இடத்தில் கறுப்பு முடி முளைக்கும். பழைய சோதனை, பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. காரமடையில் கோடை 35 டிகிரியைத் தாண்டுகிறது. ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தாவில் ஜனவரியில் உறைபனி. ஒரே மரபணு இரண்டு ஊரில் இரண்டு நிறம் காட்டத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். கருமை கூடட்டும் என்று சிலர் பனிக்காலத்தில் கூண்டிலிருந்து காய்ந்த புல்லையும் காகிதக் கிழிசலையும் எடுத்துவிடுகிறார்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. முப்பது கிராம் உயிரை நிறத்துக்காக நடுங்கவிடுவது கொடுமை. நீங்களும் அப்படிச் செய்கிறீர்களா?

தலைக்குந்தா:
ஒருநாளும் இல்லை அம்மா. என் கூண்டுகளில் புல் நிறையக் கிடக்கும், பெண் எலிகள் கூட்டமாகத்தான் உறங்கும். அப்படி நடுங்கவைப்பவனிடம் யாரும் எலி வாங்கக் கூடாது என்று நானே சொல்கிறேன். ஆனால் காரமடைத் தம்பிக்கு ஒன்று: சமவெளியில் சியாமீஸ் வேண்டும் என்று பிடிவாதம் எதற்கு? கறுப்பு, சாக்லேட், நீலம் எதையும் வெயில் வெளுக்காது.

குன்னூர் வேலு:
இடையில் ஒரு சந்தேகம். சியாமீஸ் மரபணுவோடு வெள்ளை எலியின் மரபணு ஒன்று சேர்ந்திருந்தாலும் நிறம் வெளிறும். அதைத்தான் ஹிமாலயன் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒரு குட்டி முழு வெள்ளையாகவே வளரும். பிறந்தனவா?

காரமடைக்காரன்:
எத்தனையோ ஈற்று ஆயிற்று, ஒன்றுகூட இல்லை. இரண்டுமே கலப்பு என்று சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நிறம் வளர்க்க வேண்டும் என்று ஊட்டியிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டாம் அண்ணா. எங்கே வளரப்போகிறது என்று கேட்டு, நிறம் மாறும் என்று முன்பே சொல்லி விற்றிருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

கோத்தகிரி மலர்:
அப்படியானால் வம்சத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. அண்ணா, ஒரே ஈற்றில் மிகக் கறுத்தவை சிலவும் மிக வெளிறியவை சிலவும் எடுத்து, அடையாளம் வைத்துக் காரமடைக்கு அனுப்புங்கள். அங்கே முடி மாறிய பின்னும் கறுத்தவைதான் மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தால், உங்கள் தேர்வுக்குப் பலன் உண்டு. எல்லாம் ஒன்றுபோல் வெளுத்தால், நீங்கள் பொறுக்கியது கூண்டில் குளிரான மூலையில் படுத்த எலியை.

தலைக்குந்தா:
சம்மதம். பெண் குட்டிகளாகவே தருகிறேன், சண்டை வராது. பால் மறந்த பிறகுதான் அனுப்புவேன். மேட்டுப்பாளையம் வரை நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன், பார்சலில் போடமாட்டேன். விலையை மட்டும் குறைக்கப்போவதில்லை.

காரமடைக்காரன்:
குட்டிகளை வாங்கிக்கொள்ள நான் வருகிறேன் அண்ணா. விலையைப் பற்றி முடி மாறிய பிறகு பேசலாம்.