பாராளுமன்றக் குழு அழைத்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற கணக்காளர்:
கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய பாராளுமன்றக் குழு) எங்கள் திணைக்களத்தை அழைத்தபோது திணைக்களத் தலைவருக்குப் பின்வரிசையில் கோவைக் கட்டுடன் இருந்தேன். விவகாரம் சின்னதுதான். காசோலைத் திகதி டிசம்பர் 31. பொருட்கள் களஞ்சியத்துக்கு வந்ததோ மார்ச்சில். ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் ஆண்டு முடிவில் பல அலுவலகங்களில் நடக்கும் கூத்து. கணக்காய்வில் அகப்பட்டுவிட்டது.

"பொருள் வருமுன் பணம் கொடுக்க அங்கீகரித்தவர் யார்?" என்று குழுவின் தவிசாளர் கேட்டார். தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெரிய தவறு செய்தவனைப் பார்க்கிற பார்வை! நான் ஒன்றும் பேசாமல், மஞ்சள் துண்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினேன். ஒப்பம் அவருடையது.

கொழும்புக்குப் பஸ் ஏறும்போது "நீர் வாயைத் திறக்க வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்லித் தந்திருந்தார்கள். 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க, பாராளுமன்ற (அதிகாரங்களும் சிறப்புரிமைகளும்) சட்டத்தைப் பிறகு நானாகத் தேடி வாசித்தேன். அதிகாரம் பெற்ற குழு ஆளையும் ஆவணத்தையும் அழைக்கலாம், சத்தியத்தின் பேரில் விசாரிக்கலாம். வராதவருக்குப் பிடியாணையும் உண்டு. நீதிமன்றத்தில் சாட்சிக்கு இருக்கிற உரிமைகள் அங்கேயும் உண்டு என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

மட்டக்களப்பு நகர்:
என்னை யாரும் அழைக்கவில்லை. ஆனால் குண்டுத் தாக்குதலுக்குள்ளான சீயோன் தேவாலயத்துக்கு நடைதூரத்தில் வீடு என்பதால், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய தெரிவுக்குழு விசாரணையைத் தொலைக்காட்சி முன்னால் இருந்து பார்த்தேன். பெரிய அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தனக்குத் தெரிந்ததையும் மற்றவர் செய்யாததையும் சொன்னார்கள். புலனாய்வு அதிகாரிகள் சாட்சியமளிப்பதற்கு அப்போதைய ஜனாதிபதி எதிர்ப்புத் தெரிவித்தார். பிறகு சில சாட்சியங்கள் ஊடகங்கள் இல்லாமலே பதிவாகின. செப்டெம்பரில் ஜனாதிபதியின் வாக்குமூலத்தைப் பெறக் குழுவினரே அவரது செயலகத்துக்குப் போனார்கள். களுவாஞ்சிக்குடி ஐயா மட்டும் இரவு பஸ்ஸில் போக வேண்டும்!

அக்கரைப்பற்று:
அண்ணன், எங்கள் அலுவலகத்துக்கும் கடிதம் வந்திருக்கிறது. கோவையோடு என்னையும் வரச் சொல்கிறார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

களுவாஞ்சிக்குடி:
தம்பி, கணக்காய்வு வினாவையும் அதற்கு அலுவலகம் அனுப்பிய பதிலையும் ஒரே கோவையில் கட்டுங்கள். பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். தலைவருக்குப் பிரதி போதும். அசல் உங்கள் கையில் இருக்கட்டும்.