அப்பா போனில் அழிந்த எஸ்எம்எஸ்களை மீட்க வழி இருக்குதுங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் எங்க ஊர். போனில் இடம் இல்லையென்று அக்கா பையன் அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் இருந்த எஸ்எம்எஸ்களை ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டான். சின்னப் பையன், அவனைச் சொல்லி ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் வியாபாரி அனுப்பிய கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. விரலி மஞ்சள் எத்தனை மூட்டை, கிழங்கு மஞ்சள் எத்தனை, குவிண்டால் என்ன விலை, பாக்கி எவ்வளவு, எல்லாமே. வியாபாரியும் போனை மாற்றிவிட்டாராம். அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

ஆர்க்கைவ், ஸ்பேம் இரண்டிலும் தேடியாச்சு. இந்த ஆப்பில் ட்ரேஷ் இல்லை. கூகுள் கணக்கில் அழிவதற்கு முந்தைய தேதியில் ஒரு பேக்கப் தெரிகிறது. புது பேக்கப் ஏறினால் அது போய்விடுமே என்று வைஃபை, டேட்டா இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பேக்கப்பை ஆஃப் செய்தால் இருப்பதும் அழியலாம், அதனால் அந்தப் பட்டனைத் தொடவில்லை.

இந்த போனை ரீசெட் செய்யாமல், வேறொரு போனைப் புதிதாகத் தொடங்கி அதில் அந்த பேக்கப்பை இறக்கினால் எஸ்எம்எஸ் வருமுங்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க. ஒரு கடையில் ரூட் செய்யலாம், அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்து எடுக்கலாம் என்றார்கள். அதற்கு பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருளின் பூட்டை) திறக்கணும், திறந்தாலே போனில் உள்ளது மொத்தமும் அழியும் என்பதால் வேண்டாமென்று வந்துவிட்டேன். முன்பணம் கேட்கும் ரெக்கவரி ஆப்களையும் நம்ப மனசில்லை.

அப்புறம், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் நம்பிக்கையான சர்வீஸ்காரர் தெரிந்தாலும் சொல்லுங்க அண்ணா, அக்கா.