மாத லென்ஸ் நினைவூட்டும் செயலி: ஐபோனில் 22ஆம் நாளோடு மணி நின்றுவிடுகிறது. உதவி தேவை

செங்காங் வாசி:

வணக்கம். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்காக ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை போன வருடம் பாட வேலையை முடித்த அலுப்பில் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். ஒரு நாள் இல்லை, அந்த வாரத்தில் மூன்று இரவு. நான்காம் நாள் காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பார்த்தால் கருவிழியில் அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. கருவிழிப் புண் என்றார்கள். முதல் இரண்டு நாள் இரவிலும் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. அம்மா கீழிமையைப் பிடித்துக்கொள்வார், நான் விடுவேன். பார்வை பிழைத்துவிட்டது, தழும்பு இருக்கிறது. அன்று இரவு யாராவது ஒருவர் 'லென்ஸை எடுத்துவிட்டாயா' என்று அவளைக் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைத்தான் செயலியாக எழுதுகிறேன்.

ஒரு ஜோடியை ஒரு மாதம் போட்டுவிட்டுத் தூக்கி எறியும் மாத லென்ஸுக்கான செயலி இது. புது ஜோடியைத் திறந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மறுநாள் தொடங்கி 30 நாளுக்கு, காலை 7, மாலை 6, இரவு 10 என்று எல்லா நினைவூட்டல்களையும் ஒரே தடவையில் போனில் பதிந்துவிடுகிறேன். லென்ஸ் போடாத நாளைக் கணக்கிலிருந்து கழிக்க 'இன்று போடவில்லை' என்று இன்னொரு பொத்தானும் உண்டு.

இப்போது சிக்கல். தங்கையின் ஐபோனில் 22ஆம் நாள் காலை மணி அடிக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. 'இந்த ஜோடி முடிந்தது' என்ற கடைசி நினைவூட்டலும் வருவதில்லை. இரண்டு தடவை சோதித்தேன், இரண்டு தடவையும் அதே 22ஆம் நாள் காலைதான். ஆண்ட்ராய்டில் வேறு கதை: போனை அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடுகிறது. அப்புறம், ஒரே நாளில் தங்கை காலை 7:15க்கும் நான் 9 மணிக்கும் பதிந்தோம். அவளுக்கு மிச்ச நாள் 29, எனக்கு 30 என்று காட்டுகிறது.

கண்ணைப் படம் பிடித்தால் எவ்வளவு சிவப்பு என்று கணித்து 'பயமில்லை' அல்லது 'மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்லும் ஒரு பகுதியும் பாதி எழுதியிருக்கிறேன். அதைச் சேர்க்கலாமா?

இரவுக்கோப்பி:

தம்பி, '22ஆம் நாள் காலை' என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. முன்கூட்டிப் பதியும் நினைவூட்டல்களில் ஒரு செயலிக்கு 64தான் ஐபோன் வைத்துக்கொள்ளும். முதலில் வரப்போகும் 64ஐ வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நாளுக்கு மூன்று வீதம் 21 நாளுக்கு 63. அறுபத்து நான்காவது எது? 22ஆம் நாள் காலை 7 மணி.

தீர்வு சுலபம். 90ஐத் தனித்தனியாகப் பதியாதீர்கள். 'தினமும் இரவு 10' என்று திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டல் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அப்படி மூன்று, கடைசி நாளுக்குத் தனியாக ஒன்று, ஆக நான்கே போதும்.

29, 30 குழப்பம் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமிப்பதால் வருகிறது. சிங்கப்பூர் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. தங்கை காலை 7:15க்குத் திறந்தபோது யூடிசியில் முந்தின நாள் இரவு 11:15. காலை 8 மணிக்கு முன் பதிகிற எல்லோருக்கும் ஒரு நாள் குறையும். லென்ஸ் போடுகிறவர்கள் புது ஜோடியைத் திறப்பதே அந்த நேரத்தில்தான். திறந்த நாளை நேரமில்லாமல் வெறும் தேதியாகச் சேமியுங்கள். இரவு மணியோ ஆள் இருக்கும் ஊரின் கடிகாரப்படி அடிக்க வேண்டும். சென்னைக்குப் போனால் இரண்டரை மணி நேரம் பின்னால் போகிறோம்.

ஆண்ட்ராய்டில் போனை அணைத்தால் பதிந்த அலாரம் அழிந்துவிடும். மீண்டும் இயங்கத் தொடங்கும்போது நீங்கள்தான் திரும்பப் பதிய வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் துல்லிய அலாரத்துக்கான அனுமதி புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்குத் தானாகக் கிடைக்காது. ஆனால் 10 மணி என்பது 10:10 ஆனால் குடி முழுகிவிடாது, சாதாரண அலாரமே போதும்.

கண்கடை அக்கா:

தம்பி, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைப் பரிசோதித்து லென்ஸ் கொடுக்கிறவள். உங்கள் தங்கை மாதிரிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 'இன்று போடவில்லை' பொத்தானை எடுத்துவிடுங்கள். மாத லென்ஸுக்குக் கணக்கு திறந்த நாளிலிருந்துதான். எத்தனை நாள் போட்டோம் என்பது கணக்கே இல்லை. டப்பாவில் சும்மா கிடந்தாலும் நாள் ஓடுகிறது. அந்தப் பொத்தான் இருந்தால் 30 நாள் லென்ஸை 50 நாள் போடுவதற்கு நாமே வழி காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் தேதி வையுங்கள். ஒன்று கிழிந்தால் அதை மட்டும்தான் மாற்றுவார்கள். டப்பாவுக்கு ஒரு கணக்கு: மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். லென்ஸை ஊறவைக்கும் சொலூஷன் பாட்டிலுக்கும் திறந்த தேதி வேண்டும். பழைய சொலூஷன் மேலேயே புதியதை ஊற்றி நிரப்புகிற பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. மாலை நினைவூட்டலில் அதைச் சொல்லுங்கள்: மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றவும்.

பாட்டிலின் தொகுதி எண்ணைப் படம் பிடித்து வைக்க ஓர் இடம் கொடுங்கள். 2005, 2006இல் சிங்கப்பூரில் லென்ஸ் போட்ட 66 பேருக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழித் தொற்று வந்தது. விசாரித்ததில் ஒரே வகைச் சொலூஷனில் போய் நின்றது, கடைசியில் உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மாதிரிச் சமயத்தில் 'என் வீட்டில் இருப்பது அதுதானா' என்று நொடியில் பார்க்க முடிய வேண்டும்.

படம் பார்த்துச் சொல்லும் பகுதி வேண்டாம் தம்பி, தயவு செய்து வேண்டாம்.

செங்காங் வாசி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. 64 விஷயம் நினைத்தே பார்க்கவில்லை. பொத்தானை இன்றே எடுத்துவிடுகிறேன்.

படம் பற்றி மட்டும் ஒரு கேள்வி. சிவப்பை ஓரளவு சரியாகவே கணிக்கிறது. தங்கை மூன்று நாள் பொறுத்திருந்தாள். செயலி சொல்லியிருந்தால் முதல் நாளே போயிருப்பாள் என்று தோன்றுகிறது.

கண்கடை அக்கா:

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் சிவப்பை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரிலும் நீச்சல் குளத்திலும் இருக்கும் அகாந்தமீபா என்ற கிருமி பிடித்தால், ஆரம்பத்தில் கண் லேசாகத்தான் சிவந்திருக்கும், வலியோ உயிர் போகும். உங்கள் செயலி படத்தைப் பார்த்து 'பயமில்லை' என்று சொல்லும். அந்த ஒரு சொல்லை நம்பி அந்தப் பிள்ளை இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருந்தால்?

படத்துக்குப் பதிலாகக் கேள்வி வையுங்கள். வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, மங்கலாக இருக்கிறதா, சிவந்திருக்கிறதா, பீளை வருகிறதா. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஒரே பதில்தான்: லென்ஸை உடனே கழற்று, திரும்பப் போடாதே, இன்றே மருத்துவரைப் பார். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு உதவும். 'பயமில்லை' என்ற பதிலே செயலியில் எங்கும் இருக்கக் கூடாது.

இரவுக்கோப்பி:

அக்கா சொன்னதோடு ஒன்று. நோயைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள் இங்கே மருத்துவச் சாதனம் ஆகிவிடும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். படங்களைச் சேமித்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஈசூன் அம்மா:

எனக்குக் கணினி தெரியாது தம்பி. இருபது வருடமாக லென்ஸ் போடுகிறேன். நீங்கள் கொடுத்த சோதனைச் செயலியைத் தமிழில் வைத்துப் பார்த்தேன். கடைசி நாள் செய்தி இப்படி வருகிறது: 'பழைய லென்ஸைப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள்.' நீங்கள் நினைத்தது குப்பையில் போடச் சொல்லித்தான். ஆனால் லென்ஸ் போடுவது என்றால் எங்களுக்குக் கண்ணில் போடுவது, எடுப்பது என்றால் கண்ணிலிருந்து எடுப்பது. படித்ததும் பழையதைக் கண்ணில் போட்டுக்கொண்டு புதியதைக் கழற்றச் சொல்கிறதோ என்று திகைத்துவிட்டேன். 'மாட்டு', 'கழற்று', 'குப்பையில் போடு' என்று மூன்றே சொல்லாக வையுங்கள். பொத்தானில் 'கழற்றிவிட்டேன்' என்பது பாதியில் வெட்டுப்பட்டு 'கழற்றி…' என்று நிற்கிறது, அதையும் பாருங்கள்.

இன்னொன்று. இரவு 10 மணிக்குப் பாதி நாள் நான் எம்ஆர்டியில் இருப்பேன். ஓடும் ரயிலில் கம்பியைப் பிடித்த கையால் லென்ஸைக் கழற்ற முடியுமா? செய்தியைத் தள்ளிவிடுவேன், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும்.

செங்காங் வாசி:

அம்மா, அந்த வாக்கியத்தை நான் பத்துத் தடவை படித்திருப்பேன், எனக்குத் தெரியவே இல்லை. மாற்றிவிட்டேன். 'கழற்றிவிட்டேன்' என்று அழுத்தும் வரை அரை மணிக்கொரு தரம் கேட்கும்படியும் செய்கிறேன். முதல் மணி எப்போது என்று அவரவரே வைத்துக்கொள்ளலாம்.

செங்காங் வாசி (மூன்று வாரம் கழித்து):

நேற்றுத் தங்கையின் போனில் 22ஆம் நாள். காலை 7க்கு அடித்தது. மாலை 6க்கும் அடித்தது. இரவு 10க்கு அவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் எழுந்து கை கழுவப் போனாள். துண்டால் கையைத் துடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கழற்றி முடித்து வந்துதான் பொத்தானை அழுத்தினாள்.

படம் பிடிக்கும் பகுதியை முழுக்க நீக்கிவிட்டேன். இரவுக்கோப்பி அண்ணா, நீங்கள் சொன்னபடி ஆண்ட்ராய்டில் போனை அணைத்துப் போட்டும் பார்த்தேன், 10:06க்கு அடித்தது.