பெரிய ஆல்-இன் வந்தபோது: கால் செய்ததும் கையை விட்டதும்

சான் ஹோசேயிலிருந்து

போக்கரில் எதிராளி தன் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) எல்லாவற்றையும் தள்ளுவது ஆல்-இன். அப்போது நாமும் அதே தொகையைக் கட்டுவதா (கால்), கையைப் போட்டுவிட்டு விலகுவதா என்பதுதான் கேள்வி. என்னுடைய கை லாஸ் வேகாஸில், நேரடிப் பணத்துக்கு ஆடும் கேஷ் மேசையில் நடந்தது. பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயங்கள் அங்கே இரண்டும் ஐந்தும் டாலர். முதலிலிருந்தே சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதல் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ரிவரில் எடுக்கும் முடிவுக்கு வேண்டிய செய்தியில் பாதி ஃப்ளாப்பிலும் டர்னிலும்தான் கிடக்கும்.

நடு இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். நிதானமான ஆட்டக்காரர், பெரும்பாலான கைகளைப் பார்த்ததும் போட்டுவிடுவார். அவர் 20 டாலருக்கு ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை உயர்த்தினார். பட்டனில் (கடைசியில் முடிவெடுக்கும் இருக்கை) இருந்த எனக்கு ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஜாக். கால் செய்தேன். பிளைண்ட் போட்ட இருவரும் விலகினார்கள். பாட், அதாவது நடுவில் சேர்ந்த தொகை, 47. ஃப்ளாப்பில் ஹார்ட்டின் ஜாக், ஸ்பேட் எட்டு, ஸ்பேட் நாலு. அவர் 30 போட்டார், நான் கால். டர்ன் டைமண்ட் இரண்டு. 75 போட்டார், மறுபடி கால். பாட் 257 ஆனது. ரிவர் ஸ்பேட் ஆறு, அதாவது மேசையில் மூன்றாவது ஸ்பேட். மிச்சமிருந்த 480 டாலரையும் அவர் நடுவில் தள்ளிவிட்டார்.

முதலில் டீலரிடம் சிப்ஸை எண்ணிச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். சரியான தொகை தெரியும், மூச்சு விடவும் நேரம் கிடைக்கும். பிறகு விலை. 480 கொடுத்தால் கடைசியில் பாட் 1,217 ஆகும். 480-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 39 சதவீதம். பத்து முறை இதே நிலை வந்தால் நாலு முறையாவது நான் ஜெயிக்க வேண்டும். பாதி பாட் அளவு பெட் வந்தால் 25 சதவீதம் போதும். முழுப் பாட் என்றால் 33. இப்படிப் பாட்டைப் போல இரு மடங்கு வந்தால் 40. இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருந்தால் மேசையில் பாதி பதற்றம் போய்விடும்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. ‘அவர் கையில் என்ன இருக்கிறது’ என்று யூகிக்க முயன்றால் நம் ஆசையோ பயமோ பதில் சொல்லிவிடும். இந்த வழியாக, இந்த அளவு பெட்டோடு, எந்தெந்தக் கைகள் இங்கே வந்து சேரும் என்று எண்ண வேண்டும். ஸ்பேட் ஏஸ் என்னிடம் இருப்பதால் ஏஸ் உள்ள ஃப்ளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) ஒன்றுகூட அவரிடம் இருக்க முடியாது. ஆனால் அதே சீட்டு என்னிடம் இருப்பதால், தனி ஸ்பேட் ஏஸை வைத்துக்கொண்டு பிளஃப் அடிக்கும் (ஒன்றும் இல்லாமல் மிரட்டும்) வழியும் அவருக்கு இல்லை. ஒரே சீட்டு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. எதிராளிக்கு வேண்டிய சீட்டு நம்மிடம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கால் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீதி ஃப்ளஷ்களில் அவர் போன்றவர் ரெய்ஸ் செய்யக்கூடியவை: கிங்-குயின், கிங்-ஜாக், கிங்-பத்து, குயின்-ஜாக், குயின்-பத்து, ஜாக்-பத்து, பத்து-ஒன்பது. ஸ்பேடில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சேர்க்கை, மொத்தம் ஏழு. செட்டுகளை (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) சேர்க்காமலேயே, இந்த ஏழுக்கு எதிராக எனக்குக் குறைந்தது ஐந்து பிளஃப் சேர்க்கைகள் வேண்டும். எங்கே தேடுவது? ஸ்ட்ரெய்ட்டை (வரிசையாக ஐந்து எண்கள்) துரத்தித் தவறிய கைகளில்: ஸ்பேட் அல்லாத ஒரே பூவில் பத்து-ஒன்பது மூன்று, குயின்-பத்து மூன்று. ஆறு கிடைக்கிறது. ஆனால் அந்த ஆறையும் அவர் ஒவ்வொரு முறையும் தன் கடைசி 480 டாலரோடு தள்ளினால்தான் கணக்கு நேராகும். அப்படித் தள்ளும் ஆளா அவர்? நான் பார்த்தவரை இல்லை.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது 2003 போக்கர் உலகத் தொடரின் முதன்மை ஆட்டம். கடைசி இருவர் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபர்ஹாவும். மேசையில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. ஃபர்ஹாவிடம் குயின்-ஒன்பது, டாப் பேர், அதாவது மேசையின் பெரிய சீட்டோடு ஜோடி. மணிமேக்கரிடம் கிங்-ஏழு, ஜோடிகூட இல்லை. டர்னில் ஸ்பேட் எட்டு விழுந்தபோது அவருக்கு ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்பு திறந்தது. ரிவரில் ஹார்ட்டின் மூன்று. எதுவும் அமையவில்லை. ஆல்-இன் போட்டார். ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்டார், அவர் யூகம் சரி. நெடுநேரம் யோசித்து அப்படியும் கையைப் போட்டுவிட்டார்.

ஃபர்ஹாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ரிவர், எதிராளி துரத்திய எல்லாவற்றையும் தவற வைத்த சீட்டு. அதனால் பிளஃப்கள் நிறைந்து கிடந்தன. என் மேசையில் விழுந்த ஸ்பேட் ஆறோ, துரத்திய பெரும்பாலோருக்குச் சேர்த்துக் கொடுத்த சீட்டு. இரண்டுமே டாப் பேரோடு ரிவரில் சந்திக்கும் ஆல்-இன்தான். முடிவுகள் எதிரெதிர். கடைசிச் சீட்டு துரத்தியவருக்கு அமைந்ததா, கைவிட்டதா என்று முதலில் கேளுங்கள். கை நடுங்குகிறதா, கண் எங்கே போகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் கையைப் போட்டுவிட்டேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து

அண்ணா, கணக்கு அருமை. ஆனா அது கேஷ் மேசைக்கு. டோர்னமென்ட்ல ஆல்-இன் வந்தா இதே கணக்கு ஆளைக் கவிழ்த்துடும், அதனால என் அனுபவத்தையும் சொல்றேன்.

2025 ஆகஸ்ட்ல வந்த சட்டத்தோட இணையத்துல பணம் வெச்சு ஆடுறது இங்க நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஆடணும்னா கோவா போறதுதான், மாண்டவி ஆத்துல நிக்கிற கப்பல்கள்ல. நான் சொல்ற கை ஒரு சாட்டிலைட் ஆட்டம். தெரியாதவங்களுக்காக: சாட்டிலைட்ல முதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு கிடையாது. கடைசியா மிஞ்சுற குறிப்பிட்ட பேருக்கு பெரிய ஆட்டத்துக்கான டிக்கெட், எல்லாருக்கும் ஒரே மதிப்பு. மலை மாதிரி சிப்ஸ் வெச்சிருக்கறவருக்கும், ஒத்தை சிப் வெச்சிருக்கறவருக்கும் அதே டிக்கெட்தான். அண்ணா சொன்ன மணிமேக்கரே இப்படி வந்தவர்தான். ஆன்லைன்ல 86 டாலர் சாட்டிலைட் ஜெயிச்சு, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் இருந்த ஆட்டத்துல மொத்தம் 839 பேர்ல ஒருத்தரா உட்கார்ந்து, 25 லட்சம் டாலர் எடுத்துட்டுப் போனார்.

எங்க ஆட்டத்துல பத்து டிக்கெட், பதினோரு பேர் மிச்சம். அடுத்து ஒருத்தர் வெளியே போனா மத்தவங்க எல்லாருக்கும் டிக்கெட். நான் நடுத்தரம். ரெண்டு பேர்கிட்ட அடுத்த பிளைண்டுக்கே பத்தாத அளவு சிப்ஸ்தான். எனக்கு வந்தது கிங் ஜோடி. அதிக சிப்ஸ் வெச்சிருந்தவர் எனக்கு முன்னாடி ஆல்-இன். அவர் ரொம்ப நேரமா எந்த ரெண்டு சீட்டு வந்தாலும் தள்ளிட்டுதான் இருந்தார். அதனால நான் முன்னால இருக்கேன்கறது கிட்டத்தட்ட நிச்சயம். சிப் கணக்குல பார்த்தா யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆனா ஜெயிச்சா எனக்கு என்ன கிடைக்கும்? சிப்ஸ் ரெட்டிப்பாகும், டிக்கெட் ரெட்டிப்பாகாது. தோத்தா, கையில பாதி வந்துட்ட டிக்கெட் போயிடும். ஏதாவது ரெண்டு சீட்டுக்கு எதிரா கிங் ஜோடி அஞ்சுல நாலு தடவை ஜெயிக்கும்னு வெச்சுக்குங்க. அப்போ அஞ்சுல ஒரு தடவை நான் வெளியே. கையைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னை விட முன்னாடி போறதுக்கு அதைவிட எவ்வளவோ நல்ல வாய்ப்பு. சாட்டிலைட்ல ஏஸ் ஜோடியைக்கூடப் போட வேண்டிய இடம் வரும்னு நல்லா ஆடறவங்க சொல்லுவாங்க. அந்த இடத்துல உட்கார்ந்து பார்த்தப்பதான் அது எவ்வளவு உண்மைன்னு உடம்புக்குப் புரிஞ்சது. கிங் ரெண்டையும் கவுத்துத் தள்ள விரல் வரவே மாட்டேங்குது.

தள்ளினேன். அடுத்த சுத்துலயே சிப்ஸ் குறைஞ்ச ஒருத்தர் வெளியே போனார், டிக்கெட் வந்துச்சு. அவர் போகாம இருந்திருந்தாலும் இதேதான் எழுதியிருப்பேன்.

சாதாரண டோர்னமென்ட்லயும் பரிசு தொடங்குற எல்லை நெருங்கும்போது இதே விஷயம் கொஞ்சம் லேசா வேலை செய்யும். ஜெயிக்கிற சிப் ஒவ்வொண்ணுக்கும் மதிப்பு குறைவு, தோக்கறதுக்கு மதிப்பு அதிகம். விலைப்படி 45 சதவீதம் போதும்னு வந்தாலும், அங்க அதைவிட நல்லா மேல இருந்தாத்தான் கால் பண்ணணும்.

சிங்கப்பூரிலிருந்து

இருவரும் விட்ட கைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கால் செய்து தோற்ற கையைச் சொல்கிறேன்.

2022-இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இங்கே வீட்டில் நண்பர்களும் குடும்பத்தாரும் கூடி விளையாடலாம். எங்கள் குழு பல வருடங்களாகச் சேர்ந்து ஆடுகிறது, தொகையும் சிறியது. எனக்கும் கிங் ஜோடிதான் வந்தது, ஃப்ளாப்புக்கு முன்பே. நான் ரெய்ஸ், நண்பர் மறு ரெய்ஸ், நான் இன்னொன்று, அவர் ஆல்-இன்.

எல்லோருக்கும் ஏஸ் ஜோடிப் பயம் வரும் இடம் இது. எண்ணிப் பார்த்தால், என்னிடம் கிங் இரண்டு இருக்கும்போது ஏஸ் ஜோடிக்கு ஆறு சேர்க்கை, ஏஸ்-கிங்குக்கு எட்டு, குயின் ஜோடிக்கு ஆறு. ஏஸ் ஜோடியிடம் எனக்கு 18 சதவீதம்தான். ஏஸ்-கிங்கிடம் 70 சதவீதம், குயின் ஜோடியிடம் 80-க்கும் மேல். மூன்றையும் சேர்த்தால் பாதிக்கு மேல் நான்தான் முன்னால். குயின் ஜோடியை அவர் இப்படித் தள்ளவே மாட்டார் என்றால் கணக்கு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆக, முடிவு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்த மனிதர் குயின் ஜோடியோடு இதைச் செய்வாரா?

செய்வார். பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். கால் செய்தேன். ஏஸ் ஜோடியைத் திருப்பினார். ஐந்து சீட்டும் எனக்கு உதவவில்லை. அதே நண்பர், அதே அளவு சிப்ஸ் என்றால் இன்றும் கால் செய்வேன்.

ஆளைத் தெரிந்து கால் செய்வதன் உச்சம் அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் ஸ்டூ அங்கரின் கை. எதிரே 1990 உலகச் சாம்பியன் மன்சூர் மட்லூபி. மேசையில் மூன்று, மூன்று, ஏழு, கிங், குயின். மட்லூபி ரிவரில் 32,000 ஆல்-இன் போட்டார். அதற்கு முன் பாட் ஏறக்குறைய 15,000. அங்கரின் கையில் வெறும் பத்து-ஒன்பது. எதிராளியிடம் நாலு-ஐந்தோ ஐந்து-ஆறோதான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கால் செய்தார். நாலு-ஐந்துதான் இருந்தது. பலர் இதை மந்திரம் போலப் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுமையான கழித்தல் கணக்காகவே தெரிகிறது. மட்லூபியிடம் கிங்கோ குயினோ ஏழோ இருந்தால், பாட்டைப் போல இரண்டு மடங்கு போட்டு எதிராளியை விரட்ட மாட்டார், கொஞ்சமாகப் போட்டுக் கால் வாங்கப் பார்ப்பார். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது ஒன்றும் அமையாத சின்னச் சீட்டுகள். அவற்றைப் பத்து அடித்துவிடும். வேறு யாருக்கு எதிராகவும் அந்தக் கையோடு அந்த விலையைக் கொடுக்க நான் துணிய மாட்டேன்.

சான் ஹோசே நண்பரே, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் ரிவரில் உடனே தள்ளினாரா, யோசித்துத் தள்ளினாரா?

சான் ஹோசேயிலிருந்து

ஸ்பேட் ஆறு விழுந்ததும் ஒருமுறை தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், பிறகு உடனே தள்ளினார். மூன்றாவது ஸ்பேட் வரும்போது இப்படிச் சீட்டைப் பார்ப்பவரிடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பேட்தான் இருக்கும், அது பெரியதா என்று பார்க்கிறார் என்பார்கள். இரண்டு இருந்தால் நினைவிருக்குமாம். அதையும் எடை போட்டேன். ஆனால் வயதானவர்கள் பலர் ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டைப் பார்ப்பார்கள், இவரும் ஃப்ளாப்பில் பார்த்தார், டர்னிலும் பார்த்தார். அதனால் ரிவரில் பார்த்ததைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. டர்னில் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் கால் செய்வதைப் பற்றி இன்னும் நெடுநேரம் யோசித்திருப்பேன்.