சம்ப், இட்லி மாவு, கோலார் ஏரி: அன்றாட வேலையை ஓர் அமைப்பாகப் பார்ப்பது எப்படி?

ஜெயநகர்வாசி கேட்டது:

அபார்ட்மெண்ட் கமிட்டி வேலையில் அதே தலைவலிதான் திரும்பத் திரும்ப வருகிறது. லாரிக்கு போன் போடு, மோட்டாரைப் பார், யார் வீட்டில் வீணாகிறது என்று சண்டை. சிஸ்டம்ஸ் திங்கிங், அதாவது ஒரு வேலையைத் தனித்தனித் துண்டாகப் பார்க்காமல் ஒன்றையொன்று பாதிக்கும் ஓர் அமைப்பாகப் பார்ப்பது, பற்றிப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது. வீட்டுக்கு வந்தால் எங்கே பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை.

விவரம்: பெங்களூர், 24 வீடு, 40,000 லிட்டர் சம்ப். காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வந்தால் சுமார் 18,000 லிட்டர். மிச்சத்துக்கு 12,000 லிட்டர் லாரி.

இன்னொரு கேள்வியும் உண்டு. இப்படிப் பார்த்தால் வேலை ஒழுங்காகும், சரி. அந்த வேலையில் ஓர் அர்த்தமும் தெரியுமா?

பம்ப்ரூம்:

சம்பிலேயே தொடங்குங்கள். ஒரு தாளில் நான்கு விஷயம் போதும்: இருப்பு, வரவு, செலவு, தாமதம்.

ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 96 பேர், நாளுக்கு ஏறக்குறைய 13,000 லிட்டர் செலவு. காவேரி வரவு நாளுக்குச் சராசரி 9,000. பற்றாக்குறை 4,000. மூன்று நாளுக்கு ஒரு லாரி என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. இதில் யாரையும் குறை சொல்ல எதுவுமில்லை.

தலைவலி எல்லாம் தாமதத்தில் இருக்கிறது. போன் செய்தால் லாரி வர ஒரு நாள் ஆகும் என்று வையுங்கள். சம்ப் அடியைத் தொட்ட பிறகு போன் செய்தால் ஒரு நாள் வறட்சி நிச்சயம். ஒரு நாள் செலவு 13,000, கூட அரை நாள் பாதுகாப்பு: சுமார் 20,000 லிட்டரில் சுவரில் சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டைத் தொட்டதும் போன். லாரி வரும்போது 7,000 மிச்சமிருக்கும், அது இறங்கினால் 19,000. மறுநாள் காவேரி 18,000 வந்தாலும் இடம் இருக்கிறது. பயந்துகொண்டு இரண்டு லாரி வரவழைத்தால் இருப்பு 31,000 ஆகிவிடும். உடனே காவேரி வந்தால் பாதியிலேயே சம்ப் நிரம்பி, மிதவை வால்வு மூடிக்கொள்ளும். வரும் காவேரி முழுவதையும் உள்ளே வாங்க முடியாது. விலை குறைந்த தண்ணீரை விட்டுவிட்டு விலை கூடிய தண்ணீருக்குப் பணம் கொடுத்ததாகிவிடும்.

கோடையில் தாமதம் இரண்டு நாளானால் கோட்டையும் 33,000-க்கு ஏற்ற வேண்டும் என்று கணக்கு சொல்லும். இங்கே கவனம் தேவை. எல்லா அபார்ட்மெண்டும் கோட்டை ஏற்றினால் எல்லோரும் ஒரே வாரத்தில் போன் செய்வார்கள், வரிசை இன்னும் நீளும், தாமதம் கூடும், கோடு மறுபடி ஏறும். தன்னைத் தானே வளர்க்கும் சுழல் என்பது இதுதான். 2024 தொடக்கத்தில் போர்வெல்கள் வற்றியபோது நகரமே பார்த்தது. அந்தச் சுழலைத் தளர்த்த உங்கள் கையில் இருப்பது கோடு அல்ல, செலவு. குழாய்க்கு ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் சிறு மூடி) மாட்டுங்கள், ஒழுகலை நிறுத்துங்கள், வீட்டுக்கு வீடு மீட்டர் வையுங்கள். என் கருத்தில் மீட்டர்தான் முதல். தண்ணீருக்கான மொத்தப் பணத்தைச் சதுர அடிக்குப் பங்கு போடும்வரை யார் சேமித்தாலும் பலன் அவர் வீட்டுக்குத் தெரியாது. சண்டைக்கு வேர் அங்கே.

கல்லுரல்:

தாமதத்தைப் பழக இட்லி மாவைவிட நல்ல இடம் இல்லை. நாலுக்கு ஒன்று அரிசி, உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். 28–30 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரத்தில் பொங்கிவிடும். டிசம்பர் பெங்களூரில் சமையலறை 20 டிகிரிக்கு வந்தால் பதினைந்து மணி நேரமும் ஆகலாம். முதல் ஐந்து மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டிருக்கும், வாயு இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்திருக்காது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து சோடா போடுவதும், அடுப்பு மேல் வைப்பதும்தான் மாவைக் கெடுக்கிறது. மாற்ற வேண்டியது ஆரம்ப நிலை: வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள், பழைய மாவு இரண்டு கரண்டி கலக்குங்கள், விளக்கு எரியும் ஓவனுக்குள் வையுங்கள்.

பொங்கியபின் அமிலம் கூடக்கூட அந்த வளர்ச்சியே தணியும். தன்னை வளர்க்கும் சுழலுக்கு உள்ளேயே ஒரு தடையும் பிறக்கிறது. கமிட்டியில் புது விதி போட்டதும் மறுவாரமே பலன் எங்கே என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஏரிக்கரை:

அர்த்தம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்க்கும் அமைப்பின் எல்லையைச் சம்போடு நிறுத்தாதீர்கள்.

குழாயில் வரும் காவேரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வருகிறது, வழியில் ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டருக்கானது. ஒவ்வொரு வாளியிலும் மின்சாரம் இருக்கிறது.

கீழ்ப்பக்கமும் பாருங்கள். பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும் கழிவுநீரின் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. அது ஏரியில் தேங்கி நிலத்தில் இறங்கி, அந்தப் பக்கத்துக் கிணறுகளையும் போர்வெல்களையும் ஊற வைக்கிறது. கோலார் தக்காளி மறுபடி பெங்களூர் சந்தைக்கு வருகிறது. அங்கே நடப்பது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புதான் (நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைச் சிதைப்பது), எல்லாவற்றையும் அது நீக்காது. பெயிண்ட், எண்ணெய், மிச்ச மருந்து எதையும் சிங்க்கில் ஊற்றாமல் இருப்பது முகம் தெரியாத ஒரு விவசாயிக்குச் செய்யும் மரியாதை. வேலையின் அர்த்தம் எங்கே என்று கேட்டால், என் பதில் இந்தத் தொடர்பில்தான்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் வாட்ச்மேனையும் 'செலவு' என்று தாளில் எழுதாதீர்கள். வால்வு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். படத்தை அவரோடு உட்கார்ந்து வரையுங்கள்.

ஜெயநகர்வாசி:

ரொம்ப நன்றி. மீட்டருக்குக் கமிட்டியில் சம்மதம் வாங்க நாளாகும். அதுவரை ஒழுகல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பம்ப்ரூம்:

உண்டு. இரவு ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி மேல்தொட்டியில் மட்டத்தைக் குச்சியால் அளங்கள், நாலு மணிக்கு மறுபடி அளங்கள். தொட்டியின் தரை 5 சதுர மீட்டர் என்றால் 1 செ.மீ. இறக்கம் 50 லிட்டர். மூன்று மணி நேரத்தில் 4 செ.மீ. இறங்கினால் 200 லிட்டர், நாளுக்கு 1,600. இரவில் யாராவது குழாயைத் திறக்கலாம் என்பதால் மூன்று இரவு அளந்து குறைந்த எண்ணை எடுங்கள்.

1,600 நின்றால் உங்கள் பற்றாக்குறை 4,000-இலிருந்து 2,400 ஆகும், லாரி மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாளுக்கு ஒன்று. பெரும்பாலும் குற்றவாளி ஃப்ளஷ் டேங்க்தான்: உள்ளே சமையல் கலர் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கிண்ணத்தில் கலர் தெரிந்தால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளுக்கு 20 லிட்டர் அளவுதான், அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.