டீப் பர்ப்பிள் 1972-லேயே நின்றுவிட்டதா?

இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிள் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் ஆட்கள் பலர் 'மெஷின் ஹெட்' வந்த 1972-ஐத் தாண்டி வருவதில்லை. அந்த ஆல்பத்தை நானும் உயிராய் நேசிப்பவன்தான். ஆனால் பின்னால் வந்தவற்றைக் காது கொடுத்துக்கூடக் கேட்காமல் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழைய சாமான் சந்தை நடக்கும். அங்கே இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' தட்டை உறையிலிருந்து பாதி இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் செந்தூல் பக்கம் கல்யாண வீடுகளில் டிரம்ஸ் வாசித்தவராம். பேச்சு குழுவின் புது ஆல்பங்கள், பாடகர் இயன் கில்லான் பக்கம் திரும்பியது.

"தம்பி, கில்லான் இன்னைக்கு 'சைல்ட் இன் டைம்' பாடுவாரா? பாட முடியாதுல்ல? அப்புறம் எதுக்குப் புது ஆல்பம்?"

நியாயமான கேள்வி. அந்த உச்சக் குரல் 1970-ல் இருபது சொச்ச வயது இளைஞனுடையது. நான் பதில் சொல்லாமல், 2013-ல் வந்த 'நவ் வாட்?!' ஆல்பத்திலிருந்து 'அன்காமன் மேன்' பாட்டைப் போனில் போட்டு இயர்ஃபோனை நீட்டினேன். முந்தின வருடம் காலமான, குழுவின் பழைய கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் நினைவாக வந்த பாட்டு. ஸ்டீவ் மோர்ஸின் கிட்டார் அவசரமே இல்லாமல் தொடங்கும். பிறகு லார்டின் இடத்துக்கு வந்த டான் ஏரி கீபோர்டில் எழும்பி வருவார். கில்லான் கத்தவே மாட்டார். இன்றைய தன் குரலுக்கு எது பொருந்துமோ அந்த அளவில் நின்று பாடுவார். எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும்.

பெரியவர் கில்லானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு விரல்கள் பெட்டியின் ஓரத்தில் தாளம் தட்ட ஆரம்பித்தன. "பெய்ஸ்தானே இது? கை இன்னும் அப்படியே இருக்கே!" என்றார். 1968 முதல் எல்லா ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் இயன் பெய்ஸ்தான். டிரம்மர் காதுக்கு அதுதான் முதலில் கேட்டிருக்கிறது.

என் அக்கா மகன் கதை வேறு. நம் ஊரில் கிட்டார் கையில் எடுத்த பையன்கள் 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' வாசிக்காமல் விடுவதில்லை, அவனும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, அதைப் பாடியவர் கில்லான் இல்லை, டேவிட் கவர்டேல் என்றதும் அவனால் நம்ப முடியவில்லை. 1974-ல் வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்துப் பாட்டு அது. கவர்டேலும் கிளென் ஹியூஸும் கொண்டுவந்த சோல், ஃபங்க் இசை வாடை பிடிக்காமல் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அடுத்த வருடமே விலகினார். நாம் பொற்காலம் என்று கொண்டாடும் சில வருடங்களுக்குள்ளேயே இந்தக் குழு இத்தனை மாறியிருக்கிறது. பிறகு 2013-ல் மாறினால் மட்டும் ஏன் கோபம்?

பின்னாளில் வந்த எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஜோ லின் டர்னர் பாடிய 1990-இன் 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' எனக்கு பிளாக்மோர் விலகிப்போய்த் தொடங்கிய ரெயின்போ குழுவின் ஆல்பம் போலத்தான் கேட்கிறது. 2021-இல் மற்றவர்கள் பாட்டுகளை எடுத்து வாசித்த ஆல்பத்தை ஒரு தடவை கேட்டால் போதும். ஆனால் மோர்ஸ் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆல்பம், 1996-இன் 'பர்பெண்டிகுலர்', பழைய ஆல்பங்களுக்குப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். அதைக் கேட்காதவர்கள்தான் இங்கே அதிகம் என்பது என் வருத்தம்.

அக்கா மகனுக்கு இப்போது 2024-இல் வந்த '=1' தான் பிடித்திருக்கிறது. மோர்ஸுக்குப் பிறகு வந்த சைமன் மெக்பிரைடின் கிட்டாரைப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறான். பினாங்கு நண்பர்கள் யாராவது லோரோங் கூலிட் சந்தையில் 'பர்பெண்டிகுலர்' கேசட்டைப் பார்த்தால் சொல்லுங்கள், அவனுக்கு வாங்கித் தர வேண்டும்.