குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம்: உலக சாம்பியன்ஷிப்பில் 6 தங்கம், ஒலிம்பிக்கில் ஒரே ஒரு வெண்கலம். 3 கிலோ அவ்வளவு பெரிய விஷயமா?

கார்னர்சீட்:
2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று 6 முறை உலகத் தங்கம். ஒலிம்பிக்கில் மட்டும் 2012 லண்டன் வெண்கலத்தோடு சரி. எடைப்பிரிவுதான் காரணம் என்கிறார்கள். அவருடைய 48 கிலோ பிரிவுக்கும் ஒலிம்பிக்கின் 51-க்கும் நடுவே 3 கிலோதானே, சாப்பிட்டு ஏற்ற முடியாதா? அப்புறம் டோக்கியோவில் 2 ரவுண்டு எடுத்தும் தோல்வி என்று அறிவித்த கணக்கும் புரியவில்லை.

சவுத்பா:
3 கிலோ என்று எண்ணுவதுதான் தப்பு. அந்த 6 தங்கத்தில் ஒன்றுகூட 51-ல் வந்ததில்லை. 2002-ல் 45 கிலோ. 2005, 2006, 2008 மூன்றும் 46. 2010, 2018 இரண்டும் 48. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே லண்டனில்தான். வைத்ததோ 51, 60, 75 என்று மூன்றே பிரிவு. அதே லண்டனில் ஆண்களுக்கு 10 பிரிவு, 49 கிலோ உட்பட!

2008-ல் சீனாவின் நிங்போவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுத்துப் பாருங்கள். மேரி கோமுக்கு 46-ல் தங்கம். அதே போட்டியில் 54 கிலோ இறுதியில் மோதியவர்கள் போலந்தின் கரோலினா மிகல்சுக்கும் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸும். நாலு வருஷம் கழித்து இவர் 51-க்கு ஏறினார், அவர்கள் இருவரும் 51-க்கு இறங்கினார்கள். லண்டனில் மிகல்சுக்கை 19-14 என்று முதல் சண்டையிலேயே வென்றார். அடுத்து துனிசிய வீராங்கனை, 15-6. அரையிறுதியில் ஆடம்ஸிடம் 6-11. அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம் உண்டு.

சாப்பிட்டால் கிலோ ஏறும், கை நீளாது. மேரியின் ஆட்டம் சட்டென்று உள்ளே பாய்ந்து இரண்டு மூன்று குத்து விட்டு வெளியேறுவது. உயரமான ஆள் பின்வாங்கிக்கொண்டே நேர்க்குத்து விட்டால், உள்ளே வரும் வழியிலேயே அடி விழும். லண்டனில் சுத்தமான குத்தை எண்ணித்தான் பாயிண்ட். ஏறும் எடை கொழுப்பாக ஏறினால் கால் வேகம் போய்விடும். தசையாக ஏற்ற மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்கிப்பிங்கயிறு:
51-ல் முடியவே முடியாது என்று அர்த்தமில்லை. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டித் தங்கம் 51-ல் வாங்கியதுதான், 2019 உலக வெண்கலமும் அதே பிரிவு.

தராசை மறக்கக் கூடாது. புரொஃபஷனலில் முந்தைய நாள் ஒரு தடவை எடை பார்த்தால் முடிந்தது. ஒலிம்பிக் மாதிரியான அமெச்சூர் போட்டியில் சண்டை இருக்கும் ஒவ்வொரு நாள் காலையும் ஏற வேண்டும். 2018-ல் போலந்துப் போட்டிக்கு அதிகாலையில் போய் இறங்கியபோது 48-ஐவிட 2 கிலோ கூடுதலாம். எடை பார்க்க நாலு மணி நேரம்தான் பாக்கி. ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடி இறக்கினார், தங்கமும் வாங்கினார். அனுபவசாலி செய்தார் என்று இளம் பிள்ளைகள் இதைப் பழகிவிடக் கூடாது. இறங்குவது வெறும் வியர்வைத் தண்ணீர். குடித்தால் திரும்பிவிடும், குடிக்காவிட்டால் ரிங்கில் கால் நகராது. மறுநாள் காலை மறுபடி அதே தராசு.

ஜட்ஜ்மேசை:
டோக்கியோ கணக்குக்கு வருகிறேன். கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவுடன் சண்டை, 5 ஜட்ஜ். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. முதல் ரவுண்டு 4-1 என்று வலென்சியாவுக்கு. அடுத்த இரண்டும் 3-2 என்று மேரிக்கு. ஆனால் ‘யார் எத்தனை ரவுண்டு’ என்று யாரும் கூட்டுவதில்லை. ஒவ்வொரு ஜட்ஜும் தன் சீட்டிலுள்ள 3 ரவுண்டை மட்டும் கூட்டுவார். எத்தனை ஜட்ஜ் யார் பக்கம் என்பதே முடிவு. ஐந்து சீட்டிலும் மொத்தம் 15 ரவுண்டு. மேரிக்கு 1+3+3, அதாவது 7; வலென்சியாவுக்கு 8. முதல் ரவுண்டை வலென்சியாவுக்குக் கொடுத்த ஜட்ஜ் மேரி பக்கம் வர, அடுத்த இரண்டையும் அதே ஜட்ஜ் மேரிக்கே கொடுத்திருக்க வேண்டும். அது போதுமான சீட்டில் நடக்கவில்லை, 3-2 தோல்வி. நிதானமாகத் தொடங்கும் ஆளுக்கு 3 ரவுண்டு சண்டையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கார்னர்சீட்:
சீட்டுக்கணக்கு இப்போது தெளிவு, நன்றி. பாரிஸில் 50 கிலோ வந்ததே, அதில் முயன்றிருக்கலாமே?

சவுத்பா:
வயது உச்சவரம்பு 40. 2022 நவம்பரில் அவருக்கு 40 முடிந்துவிட்டது. பாரிஸிலும் 48 கிடையாது.